நியூரோ சர்ஜனைப் பார்க்கச் சொல்லிவிட்டார்களா? முதல் நாளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை

சீட்டில் "நியூரோ சர்ஜனைப் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மூளை என்ற சொல்லே ஆளை உலுக்கிவிடும். முதுகுத்தண்டு என்றாலோ, கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று சொல்வதற்குப் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். என் அம்மாவுக்குக் கழுத்தில் தண்டுவடம் அழுந்தி ஆபரேஷன் நடந்தது, சில வருடம் கழித்துப் பெரியப்பாவுக்கு மூளையின் மேல் ரத்தம் கட்டி இன்னொரு ஆபரேஷன். இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேலாக இதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் சொல்வது புரியவும், சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கவும் இது உதவினால் போதும்.

முதலில்: காத்திருக்கக் கூடாதவை

கீழே சொல்லும் எதுவும் இப்போது உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு பக்க முகம் கோணுவது, ஒரு கை துவண்டு விழுவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை இருக்கிறது, பொருத்தமான சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் நிதானமாகக் கிளம்பிவிடக் கூடாது. பெரிய குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணக்கு. அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், கேஷுவாலிட்டியில் முதலில் கேட்பதே அதைத்தான்.

வாழ்க்கையில் இதுவரை வராத தலைவலி, இடி விழுந்தது மாதிரி சில நொடிகளில் உச்சத்துக்குப் போனால், மூளை ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு வெடித்திருக்கலாம். மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்கிற தலைவலி இல்லை அது.

தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது. இதில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும் சிலருக்கு, அடிபட்டவுடன் ஒரு மயக்கம் வந்து, அப்புறம் நன்றாகத் தெளிந்து, எழுந்து பேசி, சில மணி நேரத்தில் மறுபடி சரிந்துவிடுவார்கள். "நல்லாத்தானே பேசினான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவது அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இடுப்பு வலியோடு, உட்காரும்போது தரையில் படும் பகுதி, அதாவது தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, இரண்டு காலும் பலவீனமாவது. முதுகுப் பிரச்சினைகளில் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலை இது. கூச்சத்தால் பலர் சொல்வதில்லை, நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் அதுவும் அவசரம். அதுவரை ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இடிக்கிற பொருள்களை நகர்த்துங்கள். கையில் இரும்பு கொடுப்பதும் பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைப்பதும் வேண்டாம், பல் உடைவதும் மூச்சு அடைப்பதும்தான் மிச்சம்.

இடம் போதவில்லை என்பதுதான் பாதிக் கதை

மூளை, முதுகுத்தண்டு ஆபரேஷன்களில் பெரும்பாலானவற்றை ஒரே எண்ணத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம்: மென்மையான ஒரு பொருள் கெட்டியான எலும்புக்குள் இருக்கிறது, உள்ளே எதுவோ கூடுதலாக வந்து அதை அழுத்துகிறது, சர்ஜன் அங்கே இடம் உண்டாக்கித் தருகிறார். இதைப் பிடித்துக்கொண்டால் ஆபரேஷன்களின் பயங்கரமான பெயர்கள் பாதி அடங்கிவிடும்.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. அதற்குள் கிட்டத்தட்ட 1.3, 1.4 கிலோ மூளை, ரத்தம், அப்புறம் மூளைத் தண்டுவடத் திரவம் என்கிற தெளிந்த நீர். இந்த நீர் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி சுரந்து, சுற்றி, ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கட்டி வளர்ந்தாலும், ரத்தம் கசிந்தாலும், நீர் வடிய வழியில்லாமல் தேங்கினாலும் பெட்டி பெரிதாகாது, அழுத்தம்தான் ஏறும். காலையில் எழும்போது கூடுதலாகத் தெரியும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குவது எல்லாம் அதனால் வருகிறவை.

முதுகில் மொத்தம் 33 எலும்புகள் என்று கணக்கு: கழுத்தில் 7, நெஞ்சுப் பின்புறத்தில் 12, இடுப்பில் 5, மீதி ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. நடுவே ஓடும் கால்வாயில் தண்டுவடம், அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள். நான் முதலிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒன்று என்னவென்றால், பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்பு வேர்கள்தான். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு இடங்களில், ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று போட்டிருக்கும் இடங்களில் (எல் என்றால் இடுப்பு எலும்பு, எஸ் என்றால் அதற்குக் கீழே ஒட்டிப்போன எலும்பு). அங்கே சர்ஜன் வேலை செய்வது தண்டுவடத்தின் மேல் இல்லை. ஆபரேஷன் செய்தால் காலே போய்விடும் என்ற பயம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது இந்த ஒரு விஷயத்திலேயே நிறையத் தெளிவாகும். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை, கழுத்திலும் முதுகின் மேல்பகுதியிலும் இருக்கும் ஆபத்து வேறு, இடுப்பில் இருப்பது வேறு.

உங்களுக்கு வந்திருப்பது எது?

முதுகுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நியூரோ சர்ஜன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் அதற்காக வந்தவர்கள்தான்.

ஜவ்வு விலகிவிட்டது என்று எல்லோரும் சொல்வது டிஸ்க் பிதுக்கத்தை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தையின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பின்னால் தள்ளி, நரம்பு வேரை உரசுகிறது. அதனால் வலி இடுப்பில் நிற்காமல் புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கம்பி இழுத்த மாதிரி இறங்கும். எந்த நரம்பு என்று டாக்டர் கண்டுபிடிக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கால் கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்துவார், தூக்க வலு இல்லையென்றால் எல்5 நரம்பு. நுனிக்காலில் நிற்க முடியாமல், பாதத்தின் சுண்டுவிரல் ஓரம் மரத்திருந்தால் எஸ்1. இதற்கு ஸ்கேன்கூட வேண்டாம், இரண்டு நிமிடப் பரிசோதனை. இதைச் செய்யாமல் படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிறவரிடம் நான் இன்னொரு முறை யோசிப்பேன்.

டிஸ்க் வலி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கத்தி இல்லாமலே வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கி வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் வலு குறையாதவரை, சிறுநீர்ச் சிக்கல் இல்லாதவரை மாத்திரை, பிசியோதெரபி, முடிந்த அளவு நடமாட்டம் என்று முதலில் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பது பழைய வழக்கம், அதனால் தசைதான் வற்றும்.

வயதானவர்களுக்கு வருவது கால்வாய் குறுகுவது. கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து, மரத்து, உட்கார்ந்தே ஆக வேண்டும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். முன்னால் குனிந்தபடி தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் கூடுதல் தூரம் போக முடியும், ஏனென்றால் குனியும்போது கால்வாய் சற்று விரிகிறது. ரத்தக்குழாய் அடைப்பிலும் இதே மாதிரி கால் வலி வரும், ஆனால் அதற்குக் குனிய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே குறைந்துவிடும்.

கழுத்தில் தண்டுவடமே அழுந்துவதுதான் என் அம்மாவுக்கு வந்தது. வலி அதிகம் இல்லை என்பதால்தான் நாங்கள் ஏமாந்தோம். சட்டைப் பட்டனைப் போட நேரமானது. வீட்டுச் சாவியைப் பூட்டில் நுழைக்க மூன்று, நான்கு தடவை தடவினார். இருட்டில் நடக்கும்போது சுவரைப் பிடித்தார். வயசாகிவிட்டது, கண் சரியில்லை என்று கண்ணாடியை மாற்றினோம். ஒன்றரை வருடம் அப்படியே போனது. முதலில் காட்டிய இடத்தில் கைக்கு மட்டும் வைட்டமின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், கழுத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கை பழைய லாவகத்தை இழப்பதும் நடை தடுமாறுவதும் சேர்ந்து வந்தால் கழுத்தைச் சந்தேகப்படுங்கள், தயவுசெய்து. இது இடுப்பு டிஸ்க் மாதிரி தானாகச் சரியாகும் என்று காத்திருக்கிற ஜாதி இல்லை, படிப்படியாக இறங்கும்.

எலும்புத் தேய்வில் வரும் முறிவு, காசநோய் முதுகெலும்பைப் பிடிப்பது, புற்றுநோய் அங்கே பரவுவது ஆகியவையும் உண்டு. இரவில் படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஏற்கெனவே புற்றுநோய் இருந்த வரலாறு என்றால் வாரக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி மூளை. மூளைக் கட்டி என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மெனிஞ்சியோமா என்பது மூளையின் உறையிலிருந்து வளர்வது, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, சிறியதாக இருந்து தொந்தரவு தராவிட்டால் ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி பார்வையின் இரண்டு ஓரங்களையும் மறைக்கும், ஹார்மோன்களைக் குழப்பும், அதைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். கிளையோமா என்பது மூளைத் திசுவிலிருந்தே கிளம்புவது, அதில் மெதுவானதும் இருக்கிறது, கிளையோபிளாஸ்டோமா மாதிரி வேகமானதும் இருக்கிறது. இது தவிர வேறு உறுப்பில் தொடங்கி மூளைக்கு வந்து சேரும் கட்டிகள். எடுத்த துண்டைப் பயாப்சியில் பார்த்து 1 முதல் 4 வரை தரம் சொல்வார்கள், 1 மெதுவானது, 4 வேகமானது. அந்தத் தரம் தெரியும்வரை யாருடைய ஆயுளையும் யாரும் கணிக்க வேண்டாம், உறவினர்கள் கட்டாயம் வேண்டாம்.

பெரியப்பாவுக்கு நடந்தது வேறு. குளியலறைக் கதவில் தலை லேசாக இடித்துக்கொண்டார், புடைக்கக்கூட இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வந்தார், பேரனின் பெயரை மாற்றிச் சொன்னார். மறதி நோய் என்று முடிவு கட்டிவிட்டோம். சிடி ஸ்கேனில் பார்த்தால் மூளையின் ஒரு பக்கம் முழுக்கப் பழைய ரத்தம் படர்ந்து நின்றது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால் உறைக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சின்ன நாளங்கள் இழுபட்டு எளிதில் அறுந்து மெல்லக் கசியும், அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டையோட்டில் இரண்டு சிறு துளை போட்டு வடித்தார்கள், மறுநாளே பேரனைச் சரியாகக் கூப்பிட்டார்.

அதேபோல நடை தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வரும் முதியவர்களில் சிலருக்கு மூளைக்குள் நீர் தேங்கியிருக்கும், நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் ஷண்ட் குழாய் வைத்தால் குறிப்பாக நடை தேறும். முதுமை என்று எழுதி மூடுவதற்கு முன் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த இரண்டு நோயும்தான் காரணம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கும் முன்

1971இல் லண்டனில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு முன் மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்துவிட்டுக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள், கடுமையான வலி. இன்று சில நிமிடத்தில் படம் கையில் வந்துவிடுகிறது. புதிய ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் சிடியில் சட்டென்று தெரியும், அதனால் அவசரத்துக்கு அது. நரம்பு, டிஸ்க், தண்டுவடம், கட்டி ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐ. அதில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் குறுகிய குழாய்க்குள், தடதடவென்ற சத்தத்தில் படுத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப், உடம்பில் எந்த உலோகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூடிய இடம் பயம் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வராந்தாவிலேயே பிரித்துப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் மொபைலில் தேடிப் பயந்துபோவது எல்லோரும் செய்வதுதான். ஒன்று சொல்கிறேன். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் புடைப்பு 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84. இவர்கள் யாருக்கும் வலி இல்லை! முகத்தில் சுருக்கம் விழுவது மாதிரி முதுகுக்குள்ளும் விழுகிறது. ஆகவே படத்தில் இருப்பதும் உடம்பில் தெரிவதும் ஒரே பக்கம், ஒரே நரம்பு என்று பொருந்தினால் மட்டுமே அந்த வரிக்கு மதிப்பு. வலது கால் வலிக்கிறவருக்கு இடது பக்கப் பிதுக்கத்தை எடுத்து என்ன பயன்?

டாக்டர் அறைக்குள் போகும்போது

உள்ளே கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, எங்கே தொடங்கி எங்கே போகிறது, எது செய்தால் கூடுகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு அலர்ஜி. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களும் வேண்டும். கூடவே ஒருவர் போகட்டும், ஏனென்றால் ஆபரேஷன் என்ற சொல் விழுந்த பிறகு நோயாளியின் காதில் எதுவும் ஏறாது.

எங்களுக்கு உதவிய கேள்விகள் நான்கு. செய்யாமல் விட்டால் அடுத்த ஆறு மாதத்தில் என்ன ஆகும்? எத்தனை நாள் யோசிக்கலாம்? கத்தி இல்லாத வழி எதையெல்லாம் பார்த்தாயிற்று? நான்காவதுதான் முக்கியம்: இந்த ஆபரேஷன் எதைத் திருப்பித் தரும், எதை இதற்கு மேல் போகாமல் நிறுத்தி மட்டும் வைக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து ஏமாந்துவிட்டோம் என்று மனம் உடைகிறார்கள். அம்மாவின் சர்ஜன் நேராகவே சொன்னார், நடை தேறலாம், கை ஓரளவு தேறலாம், மரமரப்பு அப்படியே இருக்கலாம், நான் செய்வது இதற்கு மேல் சரியாமல் தடுக்கத்தான் என்று. டிஸ்க் ஆபரேஷனிலும் இப்படித்தான், காலுக்கு இறங்கும் வலி போவதற்கான வாய்ப்பு நன்றாக இருக்கும், வெறும் இடுப்பு வலிக்காக மட்டும் செய்தால் பலன் அவ்வளவு நிச்சயமில்லை.

அவசரம் இல்லையென்றால் இரண்டாவது டாக்டரையும் கேளுங்கள். நல்ல சர்ஜன் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆபரேஷன் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது

மைக்ரோடிஸ்கெக்டமி: இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல், நுண்ணோக்கியில் பார்த்தபடி, நரம்பை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது. முழு டிஸ்க்கையும் உருவிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மீதி அங்கேயே இருப்பதால் சிலருக்குப் பிற்பாடு மறுபடி பிதுங்கலாம். லாமினெக்டமி என்றால் கால்வாயின் பின்சுவர் எலும்பை எடுத்து இடம் விடுவது. ஃபியூஷன் என்றால் ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ, கம்பி வைத்து நிறுத்தி, காலப்போக்கில் ஒன்றாக வளரவிடுவது. ஸ்க்ரூ என்பது பந்தல்கால் மாதிரி, எலும்பு கூடும்வரை தாங்குகிறது, உண்மையில் கூட வேண்டியது எலும்பு. புகைபிடித்தால் எலும்பு கூடுவது கெடுகிறது, அதனால்தான் அதை நிறுத்தச் சொல்லி அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

கழுத்தில் பல நேரம் முன்பக்கமாகப் போவார்கள். தொண்டைக்குப் பக்கத்தில் கீறல் என்றதும் அம்மா மிரண்டுபோனார், ஆனால் முன்பக்கம் தசையை அறுக்க வேண்டியது குறைவு, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கினால் நேராக டிஸ்க் தெரிந்துவிடும். அதற்கு விலையாகச் சில நாள் விழுங்கும்போது உறுத்தும், குரல் கம்மும்.

மண்டையில் கிரேனியாட்டமி என்பது எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டி, வேலை முடிந்ததும் அதே துண்டைச் சிறு தகடுகளால் பொருத்திவிடுவது. மூளை வீங்கியிருந்தால் எலும்பைத் திருப்பி வைக்காமல், வீக்கம் வற்றிய பிறகு இன்னொரு நாள் வைப்பார்கள், அதுவரை அந்தப் பக்கம் அடிபடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு. பேச்சு, கை அசைவு இவற்றுக்கான பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் நோயாளியை நடுவில் விழிக்க வைத்துப் பேசச் சொல்லிக்கொண்டே எடுப்பதும் உண்டு. கேட்கவே உடம்பு சிலிர்க்கும், ஆனால் மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது, தோலும் உறையும்தான் வலிக்கும், அவற்றை மரக்கச் செய்துவிடுகிறார்கள்.

மூளை ரத்தக்குழாயில் வெடித்த புடைப்புக்கு, அந்தப் புடைப்பு குழாயோடு சேரும் குறுகிய இடத்தில் கிளிப் மாட்டுவது ஒரு வழி, 1937இல் வால்டர் டேண்டி முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது. தொடையிலோ மணிக்கட்டிலோ இருந்து குழாய் விட்டு, புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினம் சுருளை நிரப்பி அடைப்பது 1990களிலிருந்து வந்த வழி. எது பொருந்தும் என்பது புடைப்பின் உருவத்தையும் இடத்தையும் பொறுத்தது. சிறிய சில கட்டிகளுக்குக் கத்தியே இல்லாமல் பல திசைகளிலிருந்து கதிரை ஒரே புள்ளியில் குவிக்கும் ரேடியோசர்ஜரி இருக்கிறது, ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த யோசனை. உடனே கட்டி மறையாது, மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.

தேதி குறித்த பிறகு

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், ஆஸ்பிரின் உட்பட, எப்போது நிறுத்த வேண்டும் என்று சர்ஜனும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாகத் தொடர்வதும் ஆபத்து, நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. நாட்டு மருந்து, சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், புண் ஆறுவதும் கிருமி தொற்றாமல் இருப்பதும் அதைப் பொறுத்தது. பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்னும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தச் சொல்வார்கள், உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்லும் நேரமே முடிவு. ஆடும் பல், பல் செட், முன்பு மயக்க மருந்தில் வந்த தொந்தரவு ஆகியவற்றை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பக்கவாதம், உயிரிழப்பு என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். கை நடுங்கும். அது எல்லோருக்கும் பொதுவான தாள், ஆகவே "என் அம்மாவுக்கு, இந்த வயதில், இந்த ஆபரேஷனில் நீங்கள் பயப்படுவது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் அந்தத் தாளைவிடத் தெளிவாக இருக்கும்.

முதல் இரண்டு நாள்

மூளை ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஐசியூவில் வைத்திருப்பார்கள். மணிக்கொரு தரம் எழுப்பி, டார்ச் அடித்துக் கண் பார்த்து, பெயர் கேட்டு, கையை அழுத்தச் சொல்வார்கள். ஆளைத் தூங்கவிடாமல் ஏன் படுத்துகிறார்கள் என்று எனக்கும் கோபம் வந்தது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மார்க் போட்டு 3 முதல் 15 வரை எண்ணாக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அந்த எண் குறைவதுதான், உள்ளே மறுபடி ரத்தம் சேர்கிறது என்பதற்கு முதலில் கிடைக்கும் எச்சரிக்கை. முகமும் ஒரு கண்ணும் வீங்கி மூடிக்கொள்ளலாம், சில நாளில் வற்றிவிடும். வயதானவர்கள் இரவில் குழம்பி, ஆளை மாற்றிப் பேசலாம். அவர்களுடைய கண்ணாடியும் காது மெஷினும் பக்கத்தில் இருந்தாலே குழப்பம் குறைகிறது, கொண்டுபோக மறக்காதீர்கள்.

வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். வீட்டுக்கு வந்த பிறகு அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்பு மாத்திரைக்கும் இதே கண்டிப்பு.

வீட்டுக்கு வந்தபின்

திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: காய்ச்சல், தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வருவது, புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டுவது, எழுந்து உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, புதிதாக வந்த பலவீனம், கூடும் தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். வண்டி ஓட்டுவதற்கு மூளை ஆபரேஷனுக்குப் பிறகும் வலிப்புக்குப் பிறகும் கட்டுப்பாடு உண்டு, டாக்டர் சொல்லும்வரை சாவியைத் தொட வேண்டாம்.

முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னால் பயப்படாமல் நடங்கள். குனிந்து திரும்பித் தூக்குவதை மட்டும் சொன்ன காலம்வரை தள்ளிவையுங்கள். மலச்சிக்கலை இளக்காரமாக நினைக்காதீர்கள், வலி மாத்திரைகளால் வரும், முக்கினால் முதுகு விண்ணென்று பிடிக்கும்.

அப்புறம் பொறுமை. அழுத்தம் போன அன்றே வலி போகலாம், ஆனால் நசுங்கிய நரம்பு தன் வேகத்தில்தான் தேறும். கை கால் நரம்பு இழைகள் புதிதாக வளர வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பிசியோதெரபி அலுப்பாக இருக்கும், நிறுத்தாதீர்கள். மூளை ஆபரேஷனுக்குப் பிறகு எரிச்சல், அழுகை, சோர்வு, பேச்சில் தாமதம் வந்தால் அது பிடிவாதம் இல்லை, அதற்கும் சிகிச்சை இருக்கிறது, ஃபாலோ அப்பில் மறக்காமல் சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் முறை மாற்ற ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே நோயாளி பத்து அடி நடப்பதையும், பட்டன் போடுவதையும், ஒரு வரி எழுதுவதையும் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள், பிறகு மாதத்துக்கொரு முறை அதே மாதிரி எடுங்கள். தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னேற்றமும் தெரியாது, சரிவும் தெரியாது. மூன்றாவது மாதம் அம்மா ஒன்றுமே சரியாகவில்லை என்று அழுதபோது முதல் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பட்டன் போட 40 நொடி ஆகியிருந்தது. அன்று காலை 15 நொடிதான். விரல் நுனி மரமரப்பு மட்டும் இன்றும் இருக்கிறது, சர்ஜன் முன்பே சொன்னபடி.